கோவையா, திருப்பூரா? நடுவில் குடியிருப்பவனின் கணக்கு

எனக்கு வீடு சோமனூரில். கோவைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், திருப்பூருக்கு இருபது. பன்னிரண்டு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசராக இருந்தேன். இப்போது வேலையும் பிள்ளைகளின் படிப்பும் கோவையில். அதனால் "வீடு மாத்தறதா இருந்தா எந்த ஊருங்க நல்லது?" என்று சொந்தபந்தத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எல்லைக் கோட்டைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் இந்த இரண்டு ஊருக்கும் உள்ள பாதி வித்தியாசம் கோடு போட்ட விதத்தில் வந்தது.

2009 வரை இரண்டு ஊருமே கோயமுத்தூர் ஜில்லாதான். கலெக்டரிடம் மனு கொடுக்க திருப்பூர்க்காரர் கோவைக்குப் பஸ் ஏற வேண்டும். அந்த வருடம் திருப்பூர் தனி மாவட்டமானது. அவிநாசி, பல்லடம், உடுமலை எல்லாம் கோவையிலிருந்து போயின. தாராபுரம், காங்கயம் ஈரோட்டிலிருந்து வந்தன. சூலூர், கருமத்தம்பட்டி, சோமனூர் கோவையோடு நின்றுவிட்டன. எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சாமளாபுரம் திருப்பூர் மாவட்டம். தறி ஓடுகிற சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். விசைத்தறிக் கூலி உயர்வுக்குப் பேச்சுவார்த்தை என்றால் மட்டும் இரண்டு மாவட்ட நிர்வாகமும் உட்கார வேண்டியிருக்கிறது.

எம்.பி. தொகுதியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பல்லடத்துக்காரருக்குக் கலெக்டர் திருப்பூரில், எம்.பி. கோவைக்கு. அவிநாசி நீலகிரித் தொகுதியில் வருகிறது. திருப்பூர் தொகுதிக்குள்ளோ பவானி, அந்தியூர், கோபி, பெருந்துறை. "அவிநாசிக்காரன் ஊட்டிக்கு ஓட்டுப் போடறான் மாமா" என்று என் மச்சினன் ஒவ்வொரு தேர்தலுக்கும் சிரிப்பார். அவருக்கு அனுப்பர்பாளையத்தில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட், பனியன் துணி பின்னுகிற இடம். போதாக்குறைக்கு, இரண்டு ஊரிலும் முக்கியமான சாலைக்குப் பெயர் அவிநாசி ரோடு. வெளியூர்க்காரருக்குப் போனில் வழி சொல்லிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

வாழ்க்கைத் தரத்தோடு நேராகச் சம்பந்தப்பட்ட கோடு மாநகராட்சிக் கோடு. கோவை 1981-லேயே மாநகராட்சி. 1994-ல் அதற்கு ஒரு மாஸ்டர் பிளான் வந்தது. 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும் வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி மாதிரிப் பேரூராட்சிகளையும் சேர்த்தபோது 105 சதுர கிலோமீட்டர் 257 ஆனது.

திருப்பூர் மாநகராட்சி ஆனதே 2008-ல். அதுவரை 27 சதுர கிலோமீட்டர் நகராட்சி. அந்த இத்துணூண்டு எல்லைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் டி-ஷர்ட் அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பெனிகள் கோட்டுக்குள் அடங்குமா? பக்கத்து நகராட்சிகளான வேலம்பாளையத்திலும் நல்லூரிலும், சுற்றியிருந்த கிராம ஊராட்சிகளிலும் போய் முளைத்தன. ஊராட்சிக்குச் சாக்கடைத் திட்டம் போடப் பணமும் கிடையாது, ஆளும் கிடையாது. கட்டடம் முதலில், தெரு அப்புறம், சாக்கடை கடைசியில். 2011-ல் இவற்றையெல்லாம் சேர்த்து எல்லை 159 சதுர கிலோமீட்டராக, ஏறக்குறைய ஆறு மடங்காக விரிந்தபோது, மாநகராட்சி கையில் கிடைத்தது ஏற்கெனவே கட்டி முடித்த ஊர். திருப்பூர்த் தெருக்களைப் பார்த்து முகம் சுளிக்கிற கோவைக்காரர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அங்கே கோடு முப்பது வருடம் லேட்.

கோவைக்கும் கோடு கைகொடுக்காத ஒரு கதை உண்டு. 2025 நவம்பரில் கோவை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. அவிநாசி சாலை, சத்தி சாலை என்று இரண்டு வழித்தடம், மொத்தம் 39 கிலோமீட்டர். திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று மக்கள் தொகை. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் வேண்டும். 2011 கணக்குப்படி மாநகராட்சி எல்லைக்குள் 15.84 லட்சம்தான். அதே 2011 சென்சஸில் 'கோவை நகர்த்திரள்' என்று, அதாவது மாநகராட்சியோடு ஒட்டிய சுற்று ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் 21 லட்சத்துக்கு மேல் வரும். ஆட்கள் அதேதான், எண்ணிய எல்லை வேறு. பக்கத்துத் திருப்பூர் நகர்த்திரளின் ஒன்பதரை லட்சத்தைக் கூட்டினால் 30 லட்சத்தைத் தாண்டும். ஆனால் அந்தக் கணக்கை யார் போடுவது? கோவைக்காரருக்குத் திருப்பூரைச் சேர்த்துக்கொள்ள மனசு வராது. திருப்பூர்க்காரருக்கு மறுபடி கோவைக்குக் கீழே போவதா என்று ரோஷம்.

சரி, குடியிருப்புக்கு வருவோம்.

கையில் தொழில் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பையன் கேட்டால், யோசிக்காமல் திருப்பூர் என்பேன். கைமடி, அதாவது தையல்காரருக்குக் கூடமாட உதவுகிற வேலைக்கு வந்தவர் கொஞ்ச நாளில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டுக்கு வெளியே. அதற்கு ஒன்றரை ஷிப்ட் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் கைக்கு வரும். அன்றைக்கு ராத்திரி பேக்கரியில் நிற்க இடம் இருக்காது. காதர்பேட்டை பனியன் பஜாரில் ஒருவர் ஏற்றுமதியில் மிஞ்சிய எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் மூட்டையைப் பிரித்துப் போட்டிருப்பார். ஜார்க்கண்டிலிருந்து தன்பாத் ரயிலில் வந்து இறங்கிய பையன்கள் நாலு பேர் அதைச் சுற்றிக் குந்தியிருந்து, நூறு ரூபாய் டி-ஷர்ட்டுக்கு இந்தி கலந்த தமிழில் பேரம் பேசுவார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவரும் தேனியிலிருந்து வந்தவரும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு. நீ எந்த ஊர், என்ன ஆளு என்று துருவாமல் வேலை கொடுக்கிற ஊர் அது. கோவையில் நல்ல வேலை கிடைக்க முதலில் ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும்.

ஆனால் அந்த வேகம் ஆர்டரை நம்பி ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறைந்ததை மச்சினன் வீட்டுச் செலவிலேயே பார்த்தோம். கோவையில் பம்ப், பவுண்டரி, கிரைண்டர், மில், ஆஸ்பத்திரி, காலேஜ், ஐ.டி. என்று பல கால். ஒன்று நொண்டினால் இன்னொன்று தாங்கும். வீட்டுக்கடன் வாங்குகிறவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வயதான அப்பா அம்மா கூட இருந்தால் கோவை. அம்மாவுக்கு ஒருநாள் ராத்திரி நெஞ்சு வலி வந்தபோது, டிரைவர் "எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்கக்கூட இல்லை, வண்டியைக் கோவைப் பக்கம் திருப்பிவிட்டார். அவிநாசி சாலையில் வரிசையாகப் பெரிய ஆஸ்பத்திரிகள். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு, சிக்னல் சிக்னலாக நிற்கிற தொல்லையும் குறைந்தது. திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்ததே 2022-ல்தான். கோவைக்கு அது 1966-லேயே வந்துவிட்டது. படிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூர் முதலாளிகளின் பிள்ளைகளே கோவையில்தான் படிக்கிறார்கள்.

தண்ணீர் கதை கொஞ்சம் நீளம். சிறுவாணித் தண்ணீர் என்றாலே கோவைக்காரருக்கு ஒரு கர்வம். அணை இருப்பது கேரளத்தில் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுவார்கள். திருப்பூர், பவானி ஆற்றிலிருந்து நெடுந்தூரம் குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டிய ஊர். ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் தனியார் பங்களிப்போடு தண்ணீர்த் திட்டம் போட்டதில் அதுதான் நாட்டுக்கே முன்னோடி. போர்வெல் தண்ணீர் உப்பு. திருப்பூரில் வீடு பார்க்கப் போகிறவர் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா?" என்று கேட்பது வழக்கம். பதில் தெருவுக்குத் தெரு மாறும்.

அப்புறம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையைத் தொட்டு, எங்கள் பக்கம் வழியாகத் திருப்பூருக்குள் நுழைந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. சாயக்கழிவு என்றால் திருப்பூரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது நியாயம்தான். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சுகிற நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த மாதங்களில் சாயம் போட ஆள் தேடி, துணியோடு வெளியூர்களுக்கு அலைந்தவர்களில் நானும் ஒருவன். அதற்கப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குப் பட்டறைகள் வந்தன. ஆனால் கோவையின் வீட்டுச் சாக்கடையும் இதே ஆற்றில்தான் இறங்குகிறது. நொய்யல் திருப்பூருக்குள் வரும்போதே அழுக்காகத்தான் வருகிறது. எல்லைக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் கோவையின் பெயர் அவ்வளவாகக் கெடவில்லை.

தரவரிசை பார்ப்பவர்களுக்காக ஒரு வரி: ஒன்றிய அரசின் 2020 வாழ்வதற்கு எளிதான நகரங்கள் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஊர்களில் கோவை ஏழாவது இடம். சின்ன ஊர்கள் பட்டியலின் முதல் பத்தில் சேலம், வேலூர், திருச்சி இருந்தன, திருப்பூர் இல்லை. என் அனுபவத்தோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஆனால் திருப்பூரின் ஏற்றுமதிக்காரர் பறப்பது பீளமேடு விமான நிலையத்திலிருந்து, வைத்தியம் கோவையில், பிள்ளை படிப்பு கோவையில், ஓய்வுக்காலத்துக்கு வாங்குகிற அபார்ட்மென்ட்டும் கோவையில். திருப்பூர் சம்பாதித்த பணம் இப்படித்தான் கோவையின் மார்க் ஷீட்டில் ஏறுகிறது. சம்பாதித்த ஊருக்கு மிஞ்சுவது டிராபிக்கும் உப்புத் தண்ணீரும்.

இதற்கு நடுவில் எங்கள் மாதிரி ஊர்கள். கருமத்தம்பட்டி 2021-ல் நகராட்சியானது. அதே சமயத்தில் திருப்பூர்ப் பக்கம் திருமுருகன்பூண்டியும் ஆனது. 2025-ல் மாநகராட்சிகளோடு சுற்றுக் கிராமங்களைச் சேர்க்கிற பேச்சு வந்தபோது, வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று ஊராட்சிகளில் எதிர்ப்பு கிளம்பியது. கோட்டுக்குள் போனால் வரி, வெளியே நின்றால் மண் ரோடு.

போன மாதம் மச்சினன் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு சைட் பார்த்தார். நானும் கூடப் போனேன். சுற்றிலும் முள்காடு, தூரத்தில் ஹைவேயில் லாரிச் சத்தம், மூலையில் நடுகல் மாதிரி ஒரு எல்லைக்கல். "இது கோவைக் கணக்குங்களா, திருப்பூர்க் கணக்குங்களா?" என்று கேட்டார். புரோக்கர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "பத்திரத்துல கோவைதாங்க. விக்கறப்ப கோவைன்னு சொல்லுங்க. வாடகைக்கு விடறப்ப திருப்பூருக்குப் பக்கம்னு சொல்லிக்கலாம்."

மச்சினன் என்னைப் பார்த்தார். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.