இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில்: சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் எவ்வளவு கைகொடுக்கும்?

அமெரிக்காவில் அண்ணனும் தங்கையும் ஒரே சமயத்தில் கல்லூரியில் படித்தால், கூட்டாட்சி அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2024-25 முதல் அது பெற்றோர் பங்கை, அதாவது குடும்பம் கட்ட முடியும் என்று கணக்கிடும் தொகையை, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுப்பதில்லை. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் படிவத்தில் நிற்கிறது.

அங்கேதான் காலேஜ் போர்டு அமைப்பின் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற உதவி விண்ணப்பப் படிவம் தன் மதிப்பைக் காட்டுகிறது. இதைக் கேட்கும் தனியார் கல்லூரிகள் பலவும், இருவர் படித்தால் ஒவ்வொருவருக்கும் பெற்றோர் பங்கில் ஏறத்தாழ 60 சதவீதமே எடுக்கின்றன. ஒருவருக்கு 40,000 டாலர் என்றால் இருவருக்கும் ஆளுக்கு 24,000, மொத்தம் 48,000. பங்கு சரிபாதியாகும் என்று கணக்குப் போட்டால் 8,000 டாலர் துண்டு விழும்.

குறைகளும் உண்டு. படிவம் நீளமானது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும். முதல் கல்லூரிக்குக் கட்டணம் 25 டாலர், அடுத்தடுத்தவற்றுக்கு 16. ஆண்டு வருமானம் 1,00,000 டாலர் வரை உள்ள அமெரிக்கக் குடும்பங்களுக்கு இலவசம்.

உதவிக் கடிதங்கள் வந்ததும் விடுதி, உணவு, புத்தகம் சேர்ந்த மொத்தச் செலவிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டாத கிராண்ட், ஸ்காலர்ஷிப் இரண்டை மட்டும் கழியுங்கள். முதலாண்டு மாணவரின் 5,500 டாலர் கூட்டாட்சிக் கடன் உதவியல்ல, திருப்பிக் கட்ட வேண்டிய பணம். படித்துக்கொண்டே வேலை பார்க்கும் வொர்க்-ஸ்டடி திட்டத்தின் தொகையும் கட்டணப் பில்லில் தானாகக் கழியாது. வேலை பார்த்த பிறகே சம்பளமாக வரும்.

மூத்தவர் பட்டம் பெற்ற மறு ஆண்டே இளையவரின் பங்கு ஏறிவிடும். ஆகவே கையெழுத்திடும் முன், ஒருவர் மட்டும் படிக்கும் ஆண்டுக்கான மதிப்பீட்டையும் உதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.