மென்பொருளை அடியோடு நீக்க எது சரி: விண்டோஸா, கீக்கா, ரெவோவா, பிசியூவா?

சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டால் யாங்கோனில் நம்மவர்கள் முதலில் செய்வது, செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து நாலைந்தை அன்இன்ஸ்டால் பண்ணுவது. அப்படியும் பெரிதாக இடம் கிடைக்காது. ஏனென்றால் சாதாரண டெஸ்க்டாப் மென்பொருள் விஷயத்தில் விண்டோஸ் தானாக எதையும் துடைப்பதில்லை, அந்த மென்பொருளோடு வந்த நீக்கும் நிரலைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, அது விட்டுவைத்தது அங்கேயே கிடக்கும். வைபரையே பாருங்கள்: அரட்டைத் தரவு ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டரில் வைபர்பிசி என்ற பெயரில் இருக்கும், இறக்கிய படமும் வீடியோவும் டாக்குமெண்ட்ஸில் வைபர்டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேரும். இதில் குப்பை எது, பிள்ளையின் பிறந்தநாள் படம் எது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. அதனால்தான் கீக், ரெவோ, பிசியூ மாதிரி எச்சத்தைத் தேடித் தருகிற கருவி நல்லது, ஆனால் அழிக்கச் சொல்வது நீங்களாக இருக்க வேண்டும்.

வீட்டுக் கணினிக்கு நான் சொல்வது கீக் அன்இன்ஸ்டாலர். ஒரே ஒரு ஃபைல், சில எம்பிதான், நிறுவவே தேவையில்லை, டேட்டா காசை எண்ணிச் செலவழிக்கிற நமக்கு இது பெரிய விஷயம். பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் ஓட்டலாம். வழக்கமான முறையில் நீக்கி முடித்ததும் மிச்சமிருக்கிற ஃபோல்டர்களையும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) பதிவுகளையும் காட்டும். நீக்கும் நிரலே கெட்டுப்போயிருந்தால் வலிந்து நீக்கும் வசதி இலவசப் பதிப்பிலேயே உண்டு.

ரெவோ அன்இன்ஸ்டாலரில் அந்த வசதிக்குக் காசு கட்டிய பதிப்பு வேண்டும். ஆனால் ரெவோ ஒன்றில் ஜெயிக்கிறது: நீக்கத் தொடங்குமுன் ரெஸ்டோர் பாயிண்ட் போட்டுவிடும், ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். தேடலில் மூன்று நிலை உண்டு, நடுவில் இருக்கிற மாடரேட் போதும். அட்வான்ஸ்டு நிலை கொண்டுவருகிற பட்டியலை வரி வரியாகப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். கணக்கு வழக்கு வைத்திருக்கிற கடைக் கணினி என்றால் கீக்கை விட ரெவோதான் என் தேர்வு.

பிசியூ, அதாவது பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர், திறமூல மென்பொருள், முழுக்க இலவசம். பழைய கணினியை வாங்கும்போது கூடவே வருகிற இருபது முப்பது வேண்டாத நிரல்களை ஒரே மூச்சில் நீக்க இதை மிஞ்ச ஆளில்லை, ஒவ்வொரு எச்சத்துக்கும் எவ்வளவு நம்பி அழிக்கலாம் என்றும் சொல்லும். ஒரே சிக்கல், நம் ஊர் கரண்ட். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் மொத்தமாக நீக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சில நிரல்கள் பாதி போய்ப் பாதி நிற்கும், அப்புறம் பட்டியலில் பெயர் இருக்கும், நீக்கவும் முடியாது, திரும்ப நிறுவவும் முடியாது. அதற்கு மைக்ரோசாஃப்ட்டே ஒரு இலவச ட்ரபிள்ஷூட்டர் (சிக்கல் தீர்க்கும் நிரல்) தருகிறது. லேப்டாப் என்றால் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் மென்பொருளைப் பலர் கேட்கிறார்கள். 2017-ல் அதன் 5.33 பதிப்பில் வெளியாட்கள் தீநிரலைச் செருகி, 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அது அப்போதே திருத்தப்பட்டுவிட்டது, ஆனால் என் தயக்கம் அதனால் அல்ல. ரெஜிஸ்ட்ரியைப் பொதுவாகக் கூட்டிப் பெருக்குவதில் பயன் இல்லை, அந்தப் பதிவுகள் இடமே அடைப்பதில்லை, தப்பான ஒன்று போனால் மட்டும் வேலை நின்றுவிடும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டும் சொல்கிறது. ஆன்டிவைரஸை நீக்கவோ இந்த எதுவும் வேண்டாம், அதை வெளியிட்டவர்களே தருகிற நீக்கும் கருவிதான் சரி.

பர்மாவுக்கே உரிய எச்சம் ஒன்று உண்டு, பர்மிய மொழிக்கான பழைய ஜோஜி எழுத்துரு. 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்து முறைக்கு மாறியும் பழைய கணினிகளில் ஜோஜி விசைப்பலகை நிரல் இன்னும் இருக்கிறது. அதை நீக்கினாலும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் எழுத்துரு தங்கிவிடலாம். ஜோஜியும் யூனிகோடும் ஒரே குறியிடங்களை (எழுத்துகளுக்குத் தரும் எண்களை) வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால், அது தலையிடுகிற இடத்தில் சரியான பர்மிய எழுத்தும் கோணல்மாணலாகத் தெரியும். கீக், ரெவோ, பிசியூ மூன்றையும் இதற்கு நம்ப வேண்டாம். ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து ஜோஜி என்ற பெயரில் இருப்பதைக் கையாலேயே அழித்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸோடு வருகிற மியான்மர் டெக்ஸ்ட் எழுத்துருவே போதும்.