கிறிஸ்டாஃப் பாரின் கிரிப்டோகிராஃபி வீடியோ வகுப்புகள்: தாராளமாகப் பார்க்கலாம்

காட்பாடியில் சாயங்காலம் இன்ஜினியரிங் பசங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கிரிப்டோகிராஃபி, அதாவது தகவலை அடுத்தவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் கலை என்றாலே மிரண்டுபோய் "பாஸ் ஆகிற அளவுக்குச் சொல்லிக்கொடுங்க சார்" என்று வருகிறவர்களிடம், யூடியூபில் இலவசமாக இருக்கும் பேராசிரியர் கிறிஸ்டாஃப் பாரின் வகுப்புகளை முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஜெர்மனியில் போஹும் ரூர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடந்தபோது அப்படியே எடுத்தது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

பார் பெரும்பாலும் கரும்பலகையில் எழுதிக்கொண்டேதான் போகிறார். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? ஆங்கிலம் காதில் பிடிபடாமல் போனாலும் பலகையில் இருப்பதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளலாம், அவருக்கும் அது தாய்மொழி இல்லை, அதனால் நிதானமாகத்தான் பேசுகிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிஃபி-ஹெல்மன் பகுதி. முன்பின் பார்க்காத இரண்டு பேர், ஊரே ஒட்டுக்கேட்கும் லைனில் பேசியே, தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு எண்ணுக்கு வந்து சேர்கிற வழி, 1976இல் வந்தது. வீடியோ முடிந்ததும் கையால் போட்டுப் பாருங்கள்: மாடுலஸ் (வகுத்து மீதி பார்க்கும் எண்) 17, அடி எண் 3, ஒருவர் ரகசியமாக 6 எடுக்கிறார், மற்றவர் 7. அடி எண்ணை அவரவர் ரகசிய எண் அளவுக்கு அடுக்கேற்றி, 17ஆல் வகுத்த மீதியாக வெளியே போவது 15, 11. வந்த எண்ணைத் தன் ரகசிய எண்ணால் அதேபோல் அடுக்கேற்றி மீதி எடுத்தால் இருவருக்கும் கிடைப்பது 8. காந்தி ரோடு லாட்ஜில் தங்கி சிஎம்சியில் வைத்தியம் பார்க்க வந்திருக்கும் வங்காளக் குடும்பம் போனில் பணம் அனுப்பும்போதும் இந்தக் கணக்கின் வழிவந்த முறைதான் உள்ளே ஓடுகிறது, எண்கள்தான் பிரம்மாண்டமானவை.

பார் எலக்ட்ரிகல் இன்ஜினியர், அது பாடத்திலேயே தெரிகிறது. கணக்கில் பத்திரமாக இருக்கும் பூட்டு, சிப்பில் ஏறியதும் எப்படி உடையும் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. கார், கேரேஜ் ரிமோட்டுகளில் இருந்த கீலாக் முறையை, சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே 2008இல் அவர் குழு உடைத்துக் காட்டியது. அதற்கு முன்பே வேண்டிய வேலைக்கேற்ப உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் 120 எஃப்பிஜிஏ சிப்புகளை அடுக்கி, டெஸ் என்ற பழைய பூட்டு முறையின் சாவியைச் சராசரியாக ஒன்பது நாளுக்குள் தேடிப் பிடிக்கும் இயந்திரமும் கட்டினார்கள். சின்னச் சின்ன சிப்புகளுக்காக 2007இல் வந்த பிரசென்ட் சைஃபரிலும் (தகவலைப் பூட்டும் முறை) அவர் பங்கு உண்டு.

குறையும் இருக்கிறது. பழைய பதிவு என்பதால், 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட, குவாண்டம் கணினியின் தாக்குதலையும் தாங்கும் பூட்டுத் தரங்கள் இதில் இல்லை. அப்புறம் ஐபிசெக் (இணையத்தில் போகும் தகவலைக் காக்கும் முறை), ஃபயர்வால் மாதிரி நெட்வொர்க் யூனிட்டுகளுக்கு செமஸ்டர் புத்தகத்தைத்தான் எடுக்க வேண்டும். மாடுலர் கணக்கு (வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கு) வரும் ஆரம்ப வீடியோக்களை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், பூட்ட ஒரு சாவி, திறக்க வேறு சாவி என்று வைக்கும் ஆர்எஸ்ஏ முறை அங்கேதான் நிற்கிறது.