பழைய கல்யாண டேப்புகளை டிவிடியாக மாற்றக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரைக்குடியில் ஒரு வீடியோ கடையில் எங்கள் குடும்பத்தின் எட்டு டேப்புகளைக் கொடுத்து, ₹4,800 கட்டி, பார்க்கவே முடியாத நான்கு டிவிடிகளை வாங்கிவந்தேன். பழுது என் கணினியில்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, அவரிடமே மேலும் ₹9,400-க்குக் கிராஃபிக்ஸ் கார்டும் ராமும் (கணினியின் நினைவகம்) வாங்கினேன். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பலவற்றின் பெட்டகங்களில் இப்படிப்பட்ட டேப்புகள் இருக்கின்றன என்பதும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது அவற்றை அவசரமாக எங்காவது கொடுத்து மாற்றுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எட்டில் மூன்று விஎச்எஸ் டேப்புகள், 1998-இல் பள்ளத்தூர் வீட்டில் நடந்த அப்பச்சியின் (அப்பாவின்) அறுபதாம் சாந்தியை, அதாவது அறுபதாம் கல்யாணத்தைப் பதிந்தவை. மற்ற ஐந்தும் 2005-இல் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த மினிடிவி (MiniDV) என்ற சிறிய கேமரா டேப்புகள். அந்த ஐந்தில் ஒன்று, கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு பட்டாலையில் சாமான்களை அடுக்கிக்கொண்டே அப்பத்தா தங்கச்சியிடம் பேசிக்கொண்டிருந்ததை என் சித்தப்பா மகன் எடுத்தது. அடுத்த ஆண்டே அப்பத்தா தவறிவிட்டார்கள். அவர்கள் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை.

டேப்புக்கு ஒரு டிவிடி, அசல் தரம் சிறிதும் குறையாது, பதினைந்து நாளில் கிடைக்கும் என்றார் கடைக்காரர். ஏழு வாரம் கழித்துக் கிடைத்தவை நான்கு வட்டுகள். விஎச்எஸ் மூன்றுக்கும் ஒவ்வொன்று, மினிடிவி நான்கையும் சேர்த்து ஒன்று. ஐந்தாவது மினிடிவி பூஞ்சை பிடித்து அழிந்துவிட்டது, அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லி டேப்பை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அது எந்த டேப் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வீட்டில் போட்டுப் பார்த்தால், சாந்தி வட்டில் அப்பச்சி ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு)த் திருப்பூட்டி, அதாவது தாலி கட்டி முடித்து நிமிர்ந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கிறது. கல்யாண வட்டில் யாராவது குறுக்கே நடந்தால் முன்னும் பின்னுமாகத் துள்ளித் துள்ளிப் போகிறார்கள். முகங்களெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. முதல் வட்டு கடைசி இருபது நிமிடத்தில் நின்றே போய்விட்டது. கடைக்குப் போய்ச் சொன்னேன். “அண்ணே, நாங்க நல்லாத்தான் ஏத்தியிருக்கோம். உங்க சிஸ்டம் பழசு, கார்டு இழுக்கல” என்றார். கார்டை மாற்றியும் சரியாகாதபோது ராம் போதவில்லை என்றார். அதுவும் சரிசெய்யாதபோது விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். இரண்டு வாரம் நான் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படம். அதிகம் போனால் நொடிக்கு 9.8 மெகாபிட். கடந்த இருபது ஆண்டுகளில் வந்த எந்தக் கணினியும் தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே அதை ஓட்டும். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ₹9,400 மிஞ்சியிருக்கும். பழுது கருவியிலா பதிவிலா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. அதே வட்டைப் பக்கத்து வீட்டு டிவிடி பிளேயரிலும், இன்னொருவர் லேப்டாப்பிலும் போட்டு, பழுது வரும் நிமிடத்தையும் நொடியையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றிலும் அதே நொடியில் அதே பழுது வந்தால் அது பதிவோடு வந்த பழுது. கருவிக்குக் கருவி வேறுவேறு இடத்தில் நின்றால் வட்டு அல்லது டிரைவின் கோளாறு. எனக்குத் திருப்பூட்டுக் காட்சி மூன்று கருவிகளிலும் ஒரே நொடியில்தான் பிசகியது. வட்டு நின்றுபோன இடம் மட்டும் ஒவ்வொன்றிலும் மாறியது. மட்டமான வட்டில் அதிவேகத்தில் பதிந்து, மேலே காகித ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். டிவிடி உள்ளிருந்து வெளிவிளிம்பை நோக்கிப் பதியப்படுவதால் மோசமான பதிவு முதலில் படத்தின் கடைசிப் பகுதியிலேயே காட்டிக்கொடுக்கும். ஸ்டிக்கர் சற்று உப்பினாலும் வட்டு சுற்றும்போது ஆட்டம் காணும்.

ஒலி பிந்தியதற்கான காரணத்தையும் கண்டேன். தொடக்கத்தில் படமும் ஒலியும் ஒட்டியே இருந்தன. நாற்பதாவது நிமிடத்தில் படம் கிழிந்ததுபோல் ஓர் அசைவு வந்தது; அதன் பிறகு ஒலி ஒரு நொடி பிந்தியது. அப்படிப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் தாண்டும்போது பிந்துவது கூடி, திருப்பூட்டும்போது நான்கு நொடியாகிவிட்டது. பழைய விஎச்எஸ் டேப்பின் சிக்னல் நடுங்கும். அதை நிலைப்படுத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இல்லாமல் மலிவான யுஎஸ்பி கேப்சர் குச்சியில் பிடித்தால், நடுங்கும் இடங்களில் பிரேம்கள் (ஓடும் படத்தின் தனித்தனிப் படங்கள்) விழுந்துவிடும். ஒலி மட்டும் விழாமல் ஓடிக்கொண்டிருக்கும். நம் நாட்டு டிவி முறையான பாலில் (PAL) நொடிக்கு 25 பிரேம் என்பதால், நூறு பிரேம் தொலைந்தால் நான்கு நொடி. மாறாக ஒலி முதலிலிருந்தே சீராக, சிறிது சிறிதாக விலகினால் பிரேம் விழுந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. படமும் ஒலியும் வெவ்வேறு கடிகாரத்தில் பதிவானதே காரணமாக இருக்கும், அதை எடிட்டிங் மென்பொருளில் ஒலியின் நீளத்தைத் திருத்திச் சரிசெய்துவிடலாம். விழுந்த பிரேமை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

மினிடிவி விஷயத்தில் நடந்ததைப் பிழை என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை, அது ஏமாற்று. மினிடிவி டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தகவல். கேமராவின் ஃபயர்வயர் துளையிலிருந்து கேபிள் போட்டால், கோப்பை நகலெடுப்பதுபோல அப்படியே கணினிக்கு வந்துவிடும். தரம் குறைய வழியே இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். எங்கள் கல்யாண வட்டிலோ படத்தின் மேல் மூலையில் கேமராவின் ப்ளே என்ற எழுத்தும் ஓடும் நேர எண்களும் பதிந்திருந்தன. ஃபயர்வயர் வழியாக வரும் படத்தில் அந்த எழுத்துகள் வரவே வராது. மஞ்சள் வயரைச் செருகி, டிவியில் காட்டுவதுபோல ஓடவிட்டுப் பிடித்தால்தான் வரும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வட்டில் படம் இருக்கும் விஓபி கோப்பைத் திறந்து பார்த்தபோது, படத்தின் வேகம் நொடிக்கு 2.4 மெகாபிட் என்று காட்டியது. நான்கு மணி நேரத்தை ஒரே 4.7 ஜிபி வட்டில் திணித்தால் அவ்வளவுதான் வரும். முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். துள்ளலுக்குக் காரணம் வேறு. டேப்பில் ஒவ்வொரு பிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாக, நொடிக்கு 50 பாதிகள் பதிவாகின்றன. எந்தப் பாதி முன்னால் என்பதை மாற்றிக் குறித்துவிட்டால், நடப்பவர் ஒரு அடி முன்னே போய் அரை அடி பின்னே வருவார். டிவிடி தயாரிக்கும்போது ஒரே ஒரு தெரிவை மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். வட்டை ஒருமுறை டிவியில் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

அழிந்துவிட்டது என்று சொன்ன டேப்பை என்னால் விட முடியவில்லை. பழைய கல்யாண வீடியோக்காரர் ஒருவர் தேவகோட்டையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் டேப்பைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, பூஞ்சை துளியும் இல்லை, எல்பி (LP) என்ற நீண்ட நேரப் பதிவு முறையில் எடுத்திருப்பார்கள் என்றார். சித்தப்பா மகனுக்குப் போன் செய்து கேட்டேன். டேப் போதாதோ என்று பயந்து, அறுபது நிமிட டேப்பில் தொண்ணூறு நிமிடம் கொள்ளும் அந்த முறையில்தான் எடுத்தானாம். எல்பியில் டேப்பின் மேல் பதியும் தடத்தின் அகலம் 10 மைக்ரானிலிருந்து 6.67 மைக்ரானாக ஒடுங்கிவிடும். அதனால் எடுத்த கேமராவில் ஓடும் டேப் வேறு கேமராவில் பல சமயம் வெற்றுத் திரையாகவோ கட்டங்களாகவோதான் தெரியும். வீடியோக்காரரிடம் மூன்று கேமராக்கள் இருந்தன. முதலாவதில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் அப்பத்தா குரல் வந்தது. பழைய விண்டோஸ் 7 கணினியில் ஃபயர்வயர் வழியாக முழுவதையும் ஏற்றி, கூடவே மற்ற நான்கு டேப்புகளையும் ஏற்றிக் கொடுத்தார். நடுவில் இரண்டு இடங்களில் சில நொடிகள் கட்டமாகச் சிதறுகின்றன; மற்றதெல்லாம் நேற்று எடுத்ததுபோல் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் பேச்சை நம்பி டேப்பைத் தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்னும் நெஞ்சு பதறுகிறது.

இந்த ஆதாரங்களையெல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்பினேன். மாற்றுக் கூலி ₹4,800 மட்டும் திரும்ப வந்தது. கார்டுக்கும் ராமுக்குமான பணத்தைத் தர முடியாது, விற்ற பொருளை வாங்குவதில்லை என்று பதில் சொன்னார்கள். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ₹5 லட்சம் வரை மதிப்புள்ள மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் யோசனை கேட்க விரும்புபவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கடைக்காரர் வாயால் சொன்ன எதையும் நான் ரசீதில் எழுதி வாங்காததுதான் இப்போது எனக்குப் பெரிய இடைஞ்சல்.

நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு டேப்பை மட்டும் முதலில் கொடுங்கள். டேப் எண்ணிக்கை, வகை, எந்தக் கேபிள் வழியாக ஏற்றுவார்கள், ஒரு வட்டில் எத்தனை மணி நேரம் என்பவற்றை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு வட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சம்மதிக்காதீர்கள். டிவிடி கேட்பதைவிட, கணினிக்கு ஏறிய அசல் கோப்புகளை உங்கள் ஹார்ட் டிஸ்கில் கேட்பது முக்கியம். வட்டு கெட்டாலும் அந்தக் கோப்புகளிலிருந்து மறுபடி தயாரிக்கலாம். ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது என்பதால், என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து கொடுங்கள். வாங்கும்போது கடையிலேயே தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம் மூன்றையும் ஓடவிட்டுப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எதையாவது அழிந்துவிட்டது என்று சொன்னால் அந்த டேப்பைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, எல்பியில் எடுத்ததா என்று எடுத்தவரிடம் கேளுங்கள்.

சாந்தி டேப்புகள் மூன்றும் இன்னும் சரியாக ஏற்றப்படவில்லை. விஎச்எஸ் டேப்பை ஓட்டும் விசிஆர் கருவியை உலகில் கடைசிவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், நல்ல நிலையில் ஓடும் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டது. தேவகோட்டைக்காரர் தம் விசிஆரின் ஹெட்டைச் சுத்தம் செய்து, மதுரையில் தெரிந்தவரிடமிருந்து டைம் பேஸ் கரெக்டர் ஒன்றை இரவல் வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை டேப்புகளை நிமிர்த்தி வைத்து, பெட்டகத்தில் பூட்டியிருக்கிறேன்.