சித்திரைக்கு ஒரு பேட், ஐப்பசிக்கு ஒரு பேட்

"அக்கா, ஸ்டாம்ப் அடிக்கிறதுக்கு எந்த இங்க் பேட் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எது மேல அடிக்கப் போறீங்க? எந்த மாசத்துல அடிக்கப் போறீங்க? முதல் கேள்வி எல்லோருக்கும் புரிந்துவிடும். இரண்டாவதற்குத்தான் முழிப்பார்கள். மன்னார்குடியில் இருந்துகொண்டு இத்தனை வருஷமாக வாழ்த்து அட்டை, தாம்பூலப் பை டேக், கொலு அழைப்பு என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்துக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த இரண்டாவது கேள்விதான் பணத்தையும் நேரத்தையும் செலவழித்துக் கற்ற பாடம்.

தொடங்கியது 2016-இல். அந்த வருஷம் மாசி மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் எங்கள் பிறந்த வீடு நிறைய உறவுக்காரர்கள். திரும்பிப் போகிறவர்கள் கையில் கொடுக்கும் பிரசாதப் பொட்டலத்துக்கு ஒரு சின்ன அட்டை கட்டினால் அழகாக இருக்குமே என்று, பள்ளிக்கூட அழிரப்பரில் பிளேடால் ஒரு குத்துவிளக்கு செதுக்கினேன். மைக்கு வீட்டில் இருந்தது அப்பாவின் ஊதா ஸ்டாம்ப் பேட். ஆபீஸ்களில் தகர டப்பாவில் இருக்குமே, அதேதான்.

அந்த ஊதா பேட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ரசீதுக்கும் பதிவேட்டுக்கும் அதைவிடப் பொருத்தமானது இல்லை. டப்பாவிலேயே காய்ந்துவிடாமல் இருப்பதற்காக அதன் மையில் கிளிசரின் மாதிரி ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள் இருக்கும். மை ஊறக்கூடிய சாதாரணத் தாளில் அடித்தால் உடனே உள்ளே இறங்கிவிடும். பளபளப்பான ஆர்ட் கார்டில் அடித்தால் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே பிசுபிசுவென்று நிற்கும். என் குத்துவிளக்குகள் பாதிக்கு மேல் பெரியம்மாக்களின் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டு ஊருக்குப் போயின. இன்னொரு சங்கடமும் உண்டு. தகர டப்பாவில் மைத்துணி விளிம்புக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் அடங்குகிற ஸ்டாம்புக்குத்தான் மை ஏறும். கைவேலைக்கென்று வரும் பேட்களில் மைப்பரப்பு விளிம்பைவிட உயர்ந்து நிற்கும். ஸ்டாம்பை மல்லாத்தி வைத்து, பேட்டைக் கையில் எடுத்து அதன் மேல் மெதுவாகத் தட்டித் தட்டி மை ஏற்றலாம். உள்ளங்கை அகலத் தாமரைக்கு இரண்டு அங்குல பேட்டே போதும். இது தெரிந்த அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்து டை இங்க், பிக்மென்ட் இங்க் சமாச்சாரம். காப்பியையும் சந்தனத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். காப்பி சட்டையில் பட்டால் நூலுக்குள் ஊறிவிடும். அரைத்த சந்தனம் மேலே படிந்து காயும். டை இங்க் காப்பி ஜாதி. நீரில் கரைந்த சாயம், தாளுக்குள் ஊறி நிமிஷத்தில் காயும். பிக்மென்ட் இங்க் சந்தன ஜாதி. கரையாத நிறத்துகள் தாளின் மேல் உட்காரும், மெதுவாகக் காயும், நிறம் கனமாக இருக்கும், வெயிலுக்கு வெளிறுவதும் குறைவு. டை இங்க் பேட்கள் பெரும்பாலும் கெட்டியான ஃபெல்ட் துணியில் வரும், பிக்மென்ட் பேட்கள் மெத்தென்ற ஸ்பாஞ்சில் வரும். பெயர் தெரியாத பேட்டாக இருந்தாலும் விரலால் அமுக்கிப் பார்த்தால் ஓரளவு ஊகித்துவிடலாம்.

நான் முதலில் வாங்கிக் குவித்ததெல்லாம் டை இங்க். சீக்கிரம் காய்கிறதே என்ற ஒரே காரணம். அதன் வலி 2017-இல், எங்கள் பெரியப்பா வீட்டு அத்தாச்சி மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தபோது தெரிந்தது. தாம்பூலப் பையில் கட்ட 300 டேக் கேட்டார்கள். கறுப்பு மையில் அன்னப் பறவை, கீழே பெயர்கள். அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் அத்தாச்சியிடமிருந்து போன்.

"ஏம்மா, மஞ்ச தடவுனா உன் அன்னம் அழுவுதே!"

பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரியே டேக்கின் நாலு மூலையிலும் ஈர மஞ்சள் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பட்ட இடத்தில் கறுப்பு மை கரைந்து, பச்சையும் கறுப்புமாக ஒரு வழிசல், அன்னத்தின் வால்வரை. நம் ஊரில் ஒரு மங்கல அட்டை என்றால் அதன் மேல் மஞ்சளும் குங்குமமும் ஈரக்கையும் படத்தான் படும். அதைத் தாங்காத மையை நான் கல்யாண வேலைக்கு எடுத்திருக்கவே கூடாது. ராத்திரியோடு ராத்திரியாக 300-ஐயும் மறுபடி அடித்தோம். அன்றிலிருந்து கல்யாணம், சீமந்தம், புதுமனை எதுவாக இருந்தாலும், அடித்த மாதிரி அட்டையில் ஈர மஞ்சளைத் தேய்த்துப் பார்க்காமல் நான் ஆர்டர் எடுப்பதில்லை.

இரண்டாவது பரீட்சையை நான் வைக்கவில்லை, கஜா வைத்தது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் புயல் கரை கடந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டு ஓடுகள் பறந்து, பொங்கலுக்கென்று முன்கூட்டியே செய்து வைத்திருந்த அட்டைகள் அட்டைப்பெட்டியோடு மழையில் ஊறிவிட்டன. தென்னை விழுந்தவர்கள், வீடு போனவர்கள் நடுவில் அட்டைக்கு அழுவதற்கு யாருக்கும் மனசு வராது. நான்காம் நாள் வெயில் வந்தபோதுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டபோது, எந்த மை எப்படிப்பட்டது என்று வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் நின்றது. டை இங்க் அட்டைகளில் கரும்பும் பானையும் இருந்த இடத்தில் வண்ணக் குட்டைதான் மிச்சம். சாதாரண பிக்மென்ட் இங்க் உருவம் கலையாமல் இருந்தது, ஆனால் விரல் பட்டால் மேல்படலம் தேய்ந்தது. எண்ணெய் சேர்ந்த பிக்மென்ட் மையான வெர்சாஃபைன் கறுப்பிலும், ரேஞ்சர் கம்பெனியின் ஆர்க்கைவல் பேட்டிலும் அடித்தவை கோடு பிசகாமல் அப்படியே நின்றன. சூட்டில் உருகிப் படத்தை மேடாக்கும் எம்பாஸிங் பவுடரால் மூடியவற்றில் தாள்தான் நெளிந்திருந்தது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கொடியில் பார்த்ததை வைத்துத்தான் இன்றைக்கும் கறுப்பு மை வாங்குகிறேன். மெல்லிய கோடும் சின்ன எழுத்தும் உள்ள ஸ்டாம்புக்கு வெர்சாஃபைன்தான் என் முதல் தேர்வு. ஆலிலைக் கண்ணனின் கால்விரல்வரை விழும். வழுவழு கார்டில் மட்டும் அது காய நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும். அடித்த பிறகு ஆல்கஹால் மார்க்கரால் நிறம் கொடுக்கப் போகிறீர்களா? அப்போது மெமென்டோ கறுப்பு. அது டை இங்க்தான், ஆனால் மார்க்கர் பட்டால் கலங்காது. வாட்டர் கலருக்கு நான் ஆர்க்கைவலைத்தான் எடுப்பேன்.

இனி மாசக் கணக்குக்கு வருகிறேன். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில் அடிக்கும்போது டை இங்க் பேட்டின் மேல்பரப்பு வேலை நடக்கும்போதே வறண்டுபோகும். பத்து அட்டை அடித்தபின் பதினோராவது அட்டையில் படம் திட்டுத்திட்டாக விழும். ஃபேனுக்கு நேர் கீழே உட்காரக் கூடாது. ஒரு நிறம் அடித்தவுடன் மூடிவிட வேண்டும். பேட்டைத் தலைகீழாக அடுக்கி வைத்தால் மை பரப்புக்கு இறங்கி நிற்கும், இது ஃபெல்ட் பேட்டுக்கு மிகவும் உதவும். நான் எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைக்கிறேன். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் பரண் மேல் வைத்த ஒரு செட் முழுக்க ஒரே கோடையில் வறண்டு போனதற்குப் பிறகு வந்த பழக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். டை இங்க் சமத்தாக நடந்துகொள்ளும். பிக்மென்ட் இங்க்தான் படுத்தும். காற்றில் இருக்கும் ஈரத்தில் அது காயவே மாட்டேன் என்கும். மாசி மாதம் மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாளில் ஒரு மணி நேரத்தில் தொடக்கூடிய மை, அடைமழையில் மறுநாளும் விரலில் ஒட்டும். ஆர்ட் கார்டில் அடித்தால் சூடு காட்டாமல் காயாது. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் ஆர்டர் குவிவது சரியாக அந்தச் சமயத்தில்தான் என்பதால், புரட்டாசியிலேயே பிக்மென்ட் வேலைகளை முடித்துவிடுவேன். முடியாதவற்றுக்கு எம்பாஸிங். மை காயாமல் இருப்பதே அங்கே வசதி. ஈர மையில் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னில் சூடு காட்டினால் பவுடர் உருகிப் படம் மேடாக நிற்கும். வெர்சாமார்க் மாதிரி நிறமில்லாத பசை மையில் அடித்துப் பொன்னிறப் பவுடர் தூவினால், தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு கட்டிய இடத்தில் தங்கரேக்கு மின்னுவது நினைவுக்கு வரும்.

மழைக்காலத்தில் தாளும் ஈரம் குடித்திருப்பதால் பவுடர் படத்தைத் தாண்டிக் கண்ட இடத்தில் ஒட்டும். மெல்லிய துணியில் கொஞ்சம் டால்கம் பவுடர் முடிந்து, அடிப்பதற்கு முன் அட்டையின் மேல் லேசாக ஒற்றி எடுங்கள், சுத்தமாக விழும். கரண்ட் இல்லாத நாளில் காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் அட்டையை இடுக்கியால் பிடித்தால், அடியிலிருந்து ஏறும் சூட்டிலேயே பவுடர் உருகும். கல்லில் பட்டால் தாள் கருகும், கவனம்.

துணி என்றால் தனிக் கதை. அதை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, தாம்பூலத்துக்கு மஞ்சப்பை கேட்பவர்கள் எங்கள் பக்கம் கூடினார்கள். பையிலேயே நேராக ஸ்டாம்ப் அடித்துக் கொடுக்கலாமே என்று வெர்சாகிராஃப்ட் என்ற துணி பேட் வாங்கினேன். அடித்து, இஸ்திரி போட்டு, துவைத்தேன். பாதி போய்விட்டது. பேட்தான் சரியில்லை என்று முதலில் நினைத்தேன். உண்மையில் தடையாக இருந்தது துணியில் இருந்த கஞ்சி. புதுத் துணியின் கஞ்சிதான் மையைக் குடிக்கிறது, துவைக்கும்போது கஞ்சியோடு மையும் வெளியேறுகிறது. இது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதும் இல்லை. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரி என்ற துணி ஓவியத்தை இன்றும் வரையும் சிக்கல்நாயக்கன்பேட்டை பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கலம்காரிக் கலையில் துணியை அலசிக் கஞ்சி நீக்கி, கடுக்காயில் நனைத்துப் பக்குவம் பண்ணிய பிறகுதான் கலம் என்கிற பேனாவையே தொடுவார்கள்.

அதன்பின் பைகளை முதலில் அலசிக் காயவைத்து, சுருக்கமில்லாமல் தேய்த்துவிட்டு அடிக்கிறேன். பைக்குள் ஒரு தடித்த அட்டை செருகியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கமும் மை பாயும். தாளுக்கு ஏற்றுவதைவிட இரண்டு மடங்கு மை ஏற்றி, நேராக அமுக்கி, அசைக்காமல் தூக்க வேண்டும். மஞ்சளின் மேல் நீலம் பச்சையாகத் தெரியும், ரோஸ் காணாமலே போகும். கறுப்பு, அடர் காப்பிப்பொடி நிறம், அரக்கு, இந்த மூன்றுதான் நிற்கின்றன. மெல்லிய கோடு நெசவுக்குள் தொலைந்துவிடும் என்பதால் மாங்காய், தாமரை மாதிரி தடித்த உருவங்களே துணிக்கு நல்லது. ஒரு நாள் காயவிட்டு, மேலே வெள்ளைத் துணி போட்டு, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்துச் சில நிமிஷம் தேய்க்கிறேன். இப்படிச் செய்த பை ஒன்று எங்கள் வீட்டில் மூன்று வருஷமாகக் காய்கறிக் கடைக்குப் போய் வருகிறது. தாமரை கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை.

சில்வர் டப்பா, கண்ணாடி, பிளாஸ்டிக் என்றால் ஸ்டேஸ்ஆன் மாதிரியான சால்வென்ட் மை, அதாவது தண்ணீருக்குப் பதில் ரசாயனக் கரைப்பானில் கலந்த மைதான் சரி. வாடை உண்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதைத் தண்ணீரில் கழுவ முடியாது, அதற்கான கிளீனரையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காய்ந்த பேட்டில் தண்ணீர் விடாதீர்கள். நிறம் நீர்த்துப்போகும், மழைக்காலத்தில் பூசணமும் பிடிக்கும். அந்தந்த பேட்டுக்கு ரீஃபில் பாட்டில் தனியாகக் கிடைக்கிறது. பதினைந்து சொட்டு விட்டு, பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் பரப்பி, ஒரு ராத்திரி மூடி வைத்தால் போதும். 600 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பேட் அப்படித்தான் பல வருஷம் உழைக்கும். வாங்கும்போதே ரீஃபில் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்டாம்பை ஈரத் துணியில் ஒற்றித் துடைத்து நிழலில் வையுங்கள், வெயிலில் ரப்பர் வெடிக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பன்னிரண்டு நிற செட் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். தண்ணீருக்குக் கரையாத நல்ல கறுப்பு ஒன்று, வெர்சாமார்க் ஒன்று, கூடவே பொன்னிறப் பவுடர் ஒரு டப்பி. முதல் வருஷத்து ஆர்டர் முழுவதையும் இதிலேயே பார்த்துவிடலாம்.

எந்த பேட் வந்தாலும் ஒரு நீள அட்டைத் துண்டில் மூன்று தாமரை அடிப்பேன். ஒன்றில் ஈர மஞ்சள், ஒன்றில் தண்ணீர், மூன்றாவதைப் பாதி மறைத்து ஜன்னலில் ஒரு மாதம் தொங்கவிடுவேன். ஓரத்தில் தமிழ் மாதமும், காய எத்தனை நேரம் ஆனது என்பதும் எழுதி, சம்புடத்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். போன தை மாதம் அத்தாச்சி இளைய பெண் கல்யாணத்துக்கு டேக் கேட்டு வந்தபோது அந்த மூடியைத்தான் எடுத்துக் காட்டினேன். மஞ்சள் தடவிய தாமரையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதுலயே அடி" என்றார்கள். 400 டேக்.