20 மணி நேரம் எரியும் என்று விற்ற பின்விளக்கு

இரவு பத்தரை மணி, பெரும்பாக்கம் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் என் பக்கத்தில் வண்டியை ஒட்டிவந்து, "சார், பின்னாடி லைட் எரியல சார்! தண்ணி லாரி வருது, ஓரமா போங்க" என்று கத்தினார். இறங்கிப் பார்த்தால் நிஜமாகவே அணைந்து கிடக்கிறது. சோழிங்கநல்லூரிலிருந்தே அப்படித்தான் வந்தேனோ என்னவோ. முன்விளக்கு போனால் நமக்கே தெரிந்துவிடும். பின்விளக்கு போனால் பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும், அதுவும் நம்மை இடிக்கும் தூரத்துக்கு வந்த பிறகு.

ஆன்லைனில் 899 ரூபாய் கொடுத்து வாங்கிப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. 200 லூமென் வெளிச்சம், 1200 எம்ஏஎச் பேட்டரி கொள்ளளவு, 20 மணி நேரம், தண்ணீர் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்6 என்று போட்டிருந்தார்கள். ஐபிஎக்ஸ்6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரையே தாங்க வேண்டும். அன்று பெய்தது வெறும் தூறல்.

வீட்டில் வைத்துப் பிரித்தேன். மூடியைச் சுற்றி ரப்பர் வளையமே இல்லை. பேட்டரியின் மேலேயே 400 எம்ஏஎச் என்று அச்சாகியிருக்கிறது. எல்இடி வெள்ளை நிறம், அதன்மேல் சிவப்பு பிளாஸ்டிக். வெள்ளை வெளிச்சத்தில் பெரும்பகுதியை அந்த பிளாஸ்டிக்கே விழுங்கிவிடும். நல்ல விளக்கில் எல்இடியே சிவப்பாக இருக்கும்.

வாங்கும்போதே கணக்குப் போட்டிருக்கலாம். 1200 எம்ஏஎச்சை பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 4.4 வாட்-மணி, அதாவது ஒரு வாட் விளக்கை 4.4 மணி நேரம் எரிக்கும் சக்தி. 200 லூமெனுக்குக் குறைந்தது இரண்டு வாட்டாவது வேண்டும். அப்படியானால் முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் தாண்டினாலே அதிகம். 20 மணி நேரம் என்பது மங்கலாக மினுக்கும் மோடுக்கான கணக்கு, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

விற்றவரைக் கேட்டால், மாற்றித் தருவது பத்து நாளுக்குள்தானாம், தண்ணீர் பட்டால் வாரண்டியும் கிடையாதாம். வாட்டர்ப்ரூஃப் விளக்குக்கு! பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்: இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எதுவுமே இல்லை. 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை கட்டாயம். முதல் நாளே இதைக் கவனித்துத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், என் தப்புதான். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் படங்களோடு புகார் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் பணம் வந்தது.

நீங்கள் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு ராத்திரி நிலையாக எரியவிட்டு நேரம் பாருங்கள். சார்ஜ் ஓட்டையின் மூடி சரியாக உட்காருகிறதா பார்த்துவிட்டு, குழாயடியில் ஐந்து நிமிடம் காட்டுங்கள். அதில் செத்தால் வீட்டிலேயே சாகட்டும்.

நான் இப்போது இரண்டு விளக்கு வைத்திருக்கிறேன். சீட்டுக் கம்பியில் ஒன்று, நிலையாக எரிவது. ஹெல்மெட்டில் இன்னொன்று, மினுக்குவது, பென்சில் பேட்டரியில் ஓடுகிறது. மினுக்குவது சட்டென்று கண்ணில் படும், ஆனால் அதை மட்டும் பார்த்துத் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். ஜெர்மனியில் சைக்கிளுக்கு மினுக்கும் பின்விளக்குக்கு அனுமதியே இல்லை.

நேற்று தேடிப் பார்த்தேன். அதே விளக்கு, அதே படம், வேறு பெயர். விலை 749. இப்போது 300 லூமெனாம்.