சலானை ரத்து செய்கிறோம் என்று 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் பெயரில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டிராஃபிக் சலானைக் கோர்ட்டில் பார்த்து முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஆன்லைன் கம்பெனிகள் இப்போது நிறைய முளைத்திருக்கின்றன. அதில் ஒன்று என்னிடம் 6,500 ரூபாயைப் பிடுங்கியிருக்கிறது. பெயரைப் போடவில்லை. போட்டால் எனக்கு நோட்டீஸ் வரும், அவர்கள் வேறு பெயரில் கடை திறப்பார்கள். தப்பான சலானை முறையாக எதிர்ப்பது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஸ்கூட்டரை விற்க ஆள் பார்த்து, விலையும் பேசி, பெயர் மாற்றுவதற்காக அரசாங்கத்தின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனைத் திறந்தால் மூன்று சலான் நிற்கிறது. ஹெல்மெட் போடாததற்கு 1,000. செல்போன் பேசியபடி ஓட்டியதற்கு 1,000. மறுபடியும் செல்போன், இரண்டாவது முறை என்பதால் 10,000. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஃபைனை ஏற்றியதிலிருந்து தொகையெல்லாம் இப்படித்தான். அதற்கு முன்பு ஹெல்மெட்டுக்கு நூறு ரூபாய். மூன்றும் சேர்ந்து 12,000. மூன்று படத்திலும் இருப்பது கறுப்பு பைக், அதை ஓட்டுகிறவர் யாரென்றே எனக்குத் தெரியாது. நம்பர் பிளேட்டில் மண் அப்பியிருந்ததால் கடைசி எண் 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம். அது என் தலையில் விழுந்துவிட்டது.

வாங்க வந்தவரோ, "சலானை முடிச்சிட்டு கூப்பிடுங்க சார்" என்று போய்விட்டார். அந்த அவசரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கோர்ட்டுக்கு வர வேண்டாம், வாய்தாவுக்கு அலைய வேண்டாம், எல்லாம் நாங்களே.

போனில் பேசியவர் சாதாரண ஏஜென்ட் மாதிரி பேசவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். சலான் படத்தை அனுப்பச் சொன்னார். இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், படத்தைப் பெரிசாக்கி அவர் இடது காலைப் பாருங்க. பக்கத்துல கியர் லிவர் தெரியுதா? ஸ்கூட்டர்ல ஏது சார் கியர் லிவர்?" என்றார். நான் எத்தனையோ முறை பார்த்த படம்தான், என் கண் நம்பர் பிளேட்டைத் தாண்டிப் போனதே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், ஷூவுக்குக் கீழே கம்பி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. "இது ஒரே ஹியரிங்ல தள்ளுபடி ஆகிற கேஸ் சார். காசு கட்டிடாதீங்க, கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்று அவரே சொன்னார். அந்த நிமிடம்தான் நம்பினேன். காசைக் கட்டாதே என்று சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

முதலில் 3,500. வீடியோ காலில் கழுத்துப் பட்டையோடு ஒருவர் வந்து வணக்கம் சொன்னார், பின்னால் சட்டப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. அப்புறம் மனு தாக்கல், ஆஜர் செலவு என்று இன்னொரு 3,000. ஆக 6,500. பணம் போனது கம்பெனி கணக்குக்கு இல்லை, ஏதோ ஒரு தனிநபரின் யுபிஐக்கு. "வக்கீலைப் பதிவு செய்யணும், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றார்கள். இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் சொன்னேன்.

அதோடு சரி. பிறகு என்ன கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருந்தது. மாஜிஸ்ட்ரேட் லீவு. வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. லோக் அதாலத் வரட்டும், அதில் சுலபமாக முடித்துவிடலாம். கியர் லிவரைக் காட்டியவரைக் கேட்டால் அவர் வேறு டீமுக்கு மாறிவிட்டாராம். வழக்கு எண் கேட்டேன். எட்டு இலக்கத்தில் ஏதோ ஒன்றை அனுப்பினார்கள். கோர்ட் வழக்குகளுக்கான சி.என்.ஆர். எண் பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்தது, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் வழக்கின் நிலை வந்துவிடும். இவர்கள் கொடுத்ததை எங்கே போட்டாலும் ஒன்றும் வரவில்லை. அதைச் சொன்னதற்கு, "உங்கள் புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரம் காத்திருக்கவும்." அந்த 48 மணி நேரம் முடியவே இல்லை. போன் பண்ணினால் பாட்டுதான் ஓடும்.

ஒருநாள் "உங்கள் வழக்கு முடிக்கப்பட்டது, வாழ்த்துகள்" என்று செய்தி. சந்தோஷமாக, சலான் வழக்குகளை ஆன்லைனிலேயே பார்க்கும் வர்ச்சுவல் கோர்ட் தளத்தைத் திறந்தேன். முதல் இரண்டு சலானுக்கும் ஃபைன் கட்டியாகிவிட்டது! தள்ளுபடி இல்லை, ரத்து இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு என் பெயரில் கட்டியிருக்கிறார்கள். என் 6,500-ல் 2,000-ஐ அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு மிச்சம் 4,500-ஐச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது சலான், அந்த 10,000, அப்படியே நிற்கிறது.

வர்ச்சுவல் கோர்ட்டில் ஒவ்வொரு சலானுக்கும் இரண்டு வழி உண்டு. ஃபைனைக் கட்டுகிறேன் என்பது ஒன்று, வழக்கை எதிர்க்கிறேன் என்பது இன்னொன்று. எதிர்க்கிறேன் என்று கொடுத்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போகும். அதற்குக் காசே கிடையாது. நானே வீட்டில் உட்கார்ந்து அழுத்தியிருக்கக்கூடிய பட்டன். அதை எனக்காக அழுத்துவதாகச் சொல்லித்தான் 6,500 வாங்கினார்கள், அழுத்தியது மற்றதை.

எங்கள் பகுதி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு நேரில் போனேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, முதல் செல்போன் கேஸை நீங்களே ஒத்துக்கிட்டுக் கட்டியிருக்கீங்களே? அதுக்கப்புறம் ரெண்டாவதுல வண்டியே என்னுது இல்லைன்னா எப்படி?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். நடந்ததைச் சொன்னதும் இன்னொன்று கேட்டார். "வக்காலத்துல கையெழுத்து போட்டீங்களா?" இல்லை. "அப்ப எந்த வக்கீலும் உங்களுக்கு ஆஜராகல."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வக்கீல் உங்களுக்காகக் கோர்ட்டில் நிற்க வேண்டுமானால் உங்கள் கையெழுத்துப் போட்ட வக்காலத்து வேண்டும். என்னிடம் ஒரு தாளில்கூடக் கையெழுத்து கேட்கவில்லை, ஓடிபி மட்டும்தான் கேட்டார்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்து கேஸ் பிடிக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஆன்லைன் தளங்கள் வழியாக வக்கீல் சேவையை விற்பதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவும் போட்டது. அப்புறமும் இவர்கள் விளம்பரம் என் போனில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "சேவை வெற்றிகரமாக வழங்கப்பட்டதால் திருப்பித் தர இயலாது." சேவையாம்! சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை. 6,500 வருகிறதோ இல்லையோ. ஸ்கூட்டர் வாங்க வந்தவர் வேறு வண்டி பார்த்துவிட்டார். 10,000 சலானை நானே எதிர்த்திருக்கிறேன், இனிமேல்தான் வாய்தா.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை நடுங்குகிறது, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சலான் படத்தை உடனே டவுன்லோடு செய்து வையுங்கள். வண்டி உங்களுடையது இல்லையென்றால் ஆர்.சி. நகலும், உங்கள் வண்டியை நாலு பக்கமும் எடுத்த படமும் போதும், நீங்களே எதிர்க்கலாம். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், வக்கீல் என்றாலும் சொல்லாதீர்கள். வக்கீல் வேண்டுமென்றால் கோர்ட்டிலேயே இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 அவர்கள் எண். பாதி ஃபைனில் முடித்துத் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். சலான் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் திறக்கவே திறக்காதீர்கள், அது சலானே இல்லை.